கடுவன் பூனை தொட்டியில் முக்கிக்கொண்டே இருக்கிறது, மலச்சிக்கலா?

மாடிவீடு:
கருத்தடை செய்த கடுவன், 4 வயது, 5 கிலோ. உலர் தீனி மட்டும்தான் தின்னும். நேற்று ராத்திரியிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மண் தொட்டியில் போய்க் குந்தி முக்குகிறது. பொட்டுப் பொட்டாக ஈரம், ஒன்றில் லேசான சிவப்பு. அடியில் நக்கியபடியே இருக்கிறது. காலையில் தீனியைத் தொடவில்லை, ஒருமுறை வாந்தி. மலச்சிக்கல்தான், விளக்கெண்ணெய் கொடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். திங்கட்கிழமை வரை பார்க்கலாமா?

தூறல்:
பார்க்க வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். இது மூத்திர அடைப்பு போலத் தெரிகிறது. மலச்சிக்கலுக்கும் இதற்கும் முக்குவது ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

கடுவனுக்கு மூத்திரக்குழாய் நுனியில் மிகவும் ஒடுங்கிப்போகும். மூத்திரத்தில் உண்டாகும் படிகமும் சளியும் சேர்ந்து அங்கே அடைத்துக்கொள்ளும். பெட்டைக்குக் குழாய் அகலம், அடைப்பது அபூர்வம். முழுசாக அடைத்துவிட்டால் சிறுநீரகம் கழிவை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். 24 முதல் 48 மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. வாந்தியும் தீனி மறுப்பும் வந்துவிட்டதால் நேரம் குறைவு.

பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால், அடிவயிற்றில் விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். எலுமிச்சை அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ இறுகிய உருண்டை தட்டுப்பட்டால் அதுதான் மூத்திரப்பை. பிதுக்கிப் பார்க்காதீர்கள், கிழிந்துவிடும். தட்டுப்படாவிட்டாலும் கிளம்பத்தான் வேண்டும்.

வெள்ளைமீசை:
விளக்கெண்ணெய் வேண்டாம். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், அரை மாத்திரையே கொல்லும். அதை முறிக்கும் நொதி பூனையின் ஈரலில் போதாது. சிவப்பணுக்கள் கெட்டு ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். வாயில் தண்ணீரை வலுக்கட்டாயமாக ஊற்றுவதும் கூடாது.

போகும் முன் போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: பூனைக்கு மயக்கம் கொடுத்துக் கதீட்டர் (மூத்திரம் வடிய உள்ளே விடும் மெல்லிய குழாய்) போடுவார்களா? இரவில் டிரிப் பார்க்க ஆள் உண்டா? நாய்களை அதிகம் பார்க்கும் சிறு கிளினிக்குகளில் இரண்டும் இல்லாமல் போகலாம், அங்கே போய்த் திரும்புவதில் நேரம் வீணாகும். கடைசியாக நன்றாக மூத்திரம் போனது எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதுதான்.

மாடிவீடு:
உருண்டை தெரிகிறது, தொட்டால் கத்துகிறான். ஆட்டோ வந்துவிட்டது. திரும்பி வந்தபின் என்ன கவனிக்கணும்?

தூறல்:
பெரும்பாலும் ஓரிரு நாள் கதீட்டரோடு அங்கேயே வைத்துக்கொள்வார்கள். அவசரப்படுத்தி அழைத்து வராதீர்கள். அடைப்பு நீங்கியபின் மூத்திரம் வெள்ளமாகப் போகும், அந்த அளவுக்கு டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும்.

முதல் சில வாரங்களில் மறுபடி அடைப்பது சகஜம். உலர் தீனியில் ஈரம் 10 சதவீதம் அளவுதான், டப்பா உணவில் 75க்கு மேல். மெல்ல ஈர உணவுக்கு மாற்றுங்கள், அதிலும் ஒரு கரண்டி தண்ணீர் கலந்து கொடுங்கள். 'யூரினரி' என்று போட்ட தீனியை நீங்களாக வாங்காதீர்கள். ஸ்ட்ரூவைட் என்ற வகைப் படிகத்தைக் கரைக்கும் தீனி ஆக்சலேட் என்ற வகையைக் கரைக்காது, எந்தப் படிகம் என்று சோதனையில் தெரிந்தபின் வாங்கலாம்.

வெள்ளைமீசை:
இன்னொன்று. பூனை நோயை மறைக்கும் பிராணி, அதனால் எண்ணிப் பார்ப்பதுதான் நம்பகம். தூங்கும்போது மூச்சு நிமிஷத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து போனால் காட்ட வேண்டும். 24 மணி நேரம் ஒன்றுமே தின்னாவிட்டாலும் அப்படியே, குறிப்பாகக் கொழுத்த பூனை. பட்டினியில் ஈரலில் கொழுப்பு படிந்துவிடும். கட்டியாகும் பென்டோனைட் மண் போட்டால் மூத்திரக் கட்டிகளை எண்ணலாம். நாளுக்கு 2 முதல் 4 வரை வரும். சுண்டைக்காய் அளவில் நிறையக் கட்டிகள் கிடந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ, அன்றே கூட்டிப்போங்கள்.