பொதிகையை வாட்டர்கலரில் வரைவோர் அனுபவங்கள்

நம்ம நெல்லைப் பக்கத்துக்குப் பொதிகை மலை மேற்கே. இதை மறந்தால் படம் தப்பிவிடும். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், கிழக்கே நீண்டு வரும் குன்றுகளில் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல் என்று மடிப்பு மடிப்பாகத் தெரியும். நாலு மணிக்கு மேல் சூரியன் பின்னால் இறங்க, அத்தனையும் ஒரே நீலச் சுவர். உட்கார மணிமுத்தாறு அணைக்கரை நல்ல இடம். முண்டந்துறைக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

பாறைக்குக் கறுப்பு ட்யூபைத் தொடாதீர்கள். தாளில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். நனைந்த பாறைக்கு அல்ட்ராமரின் நீலம் மூன்று பங்கு, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு இரண்டு. காய்ந்த பாறைக்கு அதையே திருப்பிப் போட்டுத் தண்ணீர் கூட்டினால் போதும்.

மழை விட்ட மறுநாள், 'தூர மலை வெளிறியிருக்கும்' என்ற பாடம் பலிக்காது. தூசி கழுவிப்போன காற்றில் முகடு கருநீலமாகக் கிட்டத்தில் வந்து நிற்கும். அப்போது தூரத்தைக் காட்டுவது நடுவில் படுத்திருக்கும் மேகம்தான். பின்மலையின் அடியைச் சுத்தத் தண்ணீரால் கரைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு முன்குன்றின் விளிம்பைக் கூர்மையாக வையுங்கள்.

---

மேலே முதலில் எழுதிய அண்ணாச்சி சொன்ன அந்த 'நன்றாகக் காய்ந்த பிறகு' என்பதில்தான் சாரல் காலத்தில் பாதிப் படம் கெடுகிறது. புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது. மேலே வண்ணம் வைத்தால் காலிஃபிளவர் மாதிரி கறை பூக்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) காட்டன் தாள், 11-க்கு 15 அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

அருவிக்கு வெள்ளை வண்ணம் பூசாமல் தாளையே விட வேண்டும். வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் பூசிப் பிறகு உரித்தெடுக்கும் மாஸ்கிங் திரவத்தை வெயிலில் காயவிட்டால், உரிக்கும்போது தாளின் தோலும் சேர்ந்து வரும். தூரிகையை அரை ஈரமாகப் படுக்கவைத்து, தண்ணீர் விழும் திசையிலேயே ஒரே இழுப்பு. அதை ஒட்டிய பாறைதான் படத்திலேயே அடர்த்தியான இடம். ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் உடன்பிறந்தவர் மகன் வில்லியமும் 1792-ல் வந்து வரைந்த பாபநாசம் அருவி பிறகு அக்வாடிண்ட் அச்சாக, அதாவது உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சாக, வெளிவந்தது. அந்த முறையிலும் வெள்ளை என்பது அமிலம் படாமல் வார்னிஷ் பூசிக் காத்த இடமே.

---

தென்காசி, பண்பொழி வெளியில், தாள் காயாத அந்தச் சிக்கலுக்கு நேர்மாறு. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது வானம் பாதி பூசுவதற்குள் மேல்பாதி காய்ந்து கோடு விழுந்துவிடும். தாளின் பின்பக்கத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்டிக்கொண்டால் கூடுதலாகச் சில நிமிடம் கிடைக்கும். காற்றில் சாயாமலிருக்க, ஸ்டாண்டின் நடுவில் கல் போட்ட பையைத் தொங்கவிடுங்கள்.