புதிய மடிக்கணினியில் விண்டோஸ் 10

கேள்வி (கிளிநொச்சி):
வணக்கம். எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு வாங்கிய மடிக்கணினி விண்டோஸ் 11 உடன் வந்துள்ளது. நெற்கொள்வனவுக் கணக்கை எழுதும் பழைய மென்பொருள் அதில் திறக்காததால், விண்டோஸ் 10க்கு மாற்றலாமா?

மறுமொழி (மாங்குளம்):
மாற்றலாம். ஆனால், மேம்படுத்திய 10 நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி, 11 உடனேயே விற்பனைக்கு வந்த கணினிக்குக் கிடையாது. 8 ஜிபி பென்டிரைவில் நிறுவற்கோப்பை ஏற்றி, வட்டை அழித்தே நிறுவ வேண்டும். அதற்கு முன் 10க்கான டிரைவர்கள் (கணினியின் பாகங்களை விண்டோஸுடன் இணைத்து இயக்கும் மென்பொருள்கள்), குறிப்பாக வைஃபை டிரைவர், தயாரிப்பாளரின் தளத்தில் உள்ளனவா என்று பாருங்கள்.

மறுமொழி (முல்லைத்தீவு):
விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், சங்கத்தின் பணக்கணக்கை அதில் வைக்க நான் துணியமாட்டேன். முதலில் மென்பொருளின் பண்புகளில் உள்ள, பழைய விண்டோஸில் இயங்குவதுபோல் அதைத் திறக்கும் இணக்கப் பயன்முறையை முயலுங்கள். மென்பொருள் மிகப் பழைய 16 பிட் காலத்ததானால், 64 பிட் விண்டோஸ் 10இலும் இயங்காது.

கேட்டவர்:
நன்றி. இணக்கப் பயன்முறையில் திறக்கிறது, அச்சிடத்தான் மறுக்கிறது. அச்சுப்பொறிக்கான புதிய டிரைவரைத் தேடுகிறேன்.