எஸ்ஏபி எஸ்டி (விற்பனைக்கான எஸ்ஏபி பகுதி): டீலர்களுக்கான தனி விலை எடுக்கவில்லை, பொது விலையே வருகிறது

புதுப்பதிவு:
எஸ்/4ஹானா பதிப்பு. எஸ்ஏபி தரும் பிஆர்00 என்ற விலைக் கண்டிஷனைக் காப்பி செய்து இசட்பிஆர்0 என்று வைத்திருக்கிறோம். அக்சஸ் சீக்வென்ஸில் (விலையை எந்த டேபிளில், எந்த வரிசையில் தேடுவது என்ற பட்டியல்) 10-வது வரியில் டேபிள் 305 (கஸ்டமர், மெட்டீரியல்), 20-ல் 304 (மெட்டீரியல் மட்டும்). டீலர்களுக்குத் தனி விலை வேண்டுமென்று சேல்ஸ் ஆர்க், சேனல், கஸ்டமர் குரூப், மெட்டீரியல் நான்கையும் வைத்து வி/03 திரையில் டேபிள் 901 உருவாக்கி, 30-ல் சேர்த்தேன். விகே11-ல் (விலை பதியும் திரை) 940 ரூபாய் போட்டாயிற்று. ஆனாலும் ஆர்டரில் 304-ன் 1,000 ரூபாய்தான் விழுகிறது. விலை எப்படித் தேடப்பட்டது என்று காட்டும் அனாலிசிஸில் பார்த்தால் 30-வது அக்சஸ் நடந்ததாகவே தெரியவில்லை. என்ன விடுபட்டிருக்கும்?

விலைத்தாள்:
20-ல் எக்ஸ்க்ளூசிவ் டிக் இருக்கும், பாருங்கள். ரெக்கார்ட் கிடைத்த இடத்தோடு தேடல் நின்றுவிடும். 304-ல் எல்லா மெட்டீரியலுக்கும் விலை இருப்பதால் 901-க்குத் தேடல் போகவே போகாது.

குறுகலானது மேலே, பொதுவானது கீழே: 305, 901, 304. வி/07-ல் (அக்சஸ் சீக்வென்ஸ் திரை) 901-ஐ 30-லிருந்து எடுத்து 15-ல் போடுங்கள், அதற்கும் எக்ஸ்க்ளூசிவ் டிக் வையுங்கள். பிறகு அந்த வரியைத் தேர்ந்தெடுத்து ஃபீல்ட்ஸ் திரைக்குள் போய் ஃபீல்டுகள் வந்திருக்கின்றனவா என்று பார்த்துச் சேமியுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய. அக்சஸ் பேருக்கு இருக்கும், எந்த ஃபீல்டை வைத்துத் தேடுவது என்று அதற்குத் தெரியாது.

டிக்கை மட்டும் எடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிக் இல்லாவிட்டால் எல்லா அக்சஸும் ஓடி, ஒரே கண்டிஷன் இரண்டு மூன்று வரியாக வரும். விலையைப் பொறுத்தவரை கடைசியாகக் கிடைத்ததே செல்லும், முந்தியவை செயலற்று நிற்கும். உங்கள் பழைய வரிசையில் 10-லும் டிக் இல்லாமல் அப்படிச் செய்தால் 305-ல் ஒப்பந்த விலை வாங்கிய டீலருக்கும் 940தான் விழும். தள்ளுபடிக் கண்டிஷனில் இன்னும் மோசம்: 5%, 3% இரண்டும் சேர்ந்து கழியும்.

பழைய ஆர்டர்கள் தானாக மாறாது. ஐட்டத்தின் கண்டிஷன்ஸ் பக்கத்தில் அப்டேட் கொடுத்து சி-யைத் தேர்ந்தெடுங்கள். பி கொடுத்தால் கையால் போட்ட விலைகளும் அடிபட்டுப் போகும்.

புதுப்பதிவு:
நன்றி சார், 940 வந்துவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். ஏற்றுமதி ஆர்டரில் டீலர் விலை வரக்கூடாது, அதற்கு இன்னொரு டேபிள் போட வேண்டுமா? அடுத்தது, டீலர் தரம் என்று நாங்களே சேர்த்த ஓர் இசட் ஃபீல்டு வைத்து 902 உருவாக்கி, 901-க்கு மேலே 12-ல் வைத்தோம். ஆர்டரில் சரியாக வருகிறது, இன்வாய்ஸில் 901-ன் விலைக்குப் போய்விடுகிறது.

நிரல்மேசை:
இரண்டாவதை முதலில் சொல்கிறேன். அந்த ஃபீல்டை எம்வி45ஏஎஃப்இசட்இசட் எக்ஸிட்டில் (நம் நிரலைச் சேர்க்க எஸ்ஏபி விட்டிருக்கும் இடம்) மட்டும் நிரப்பியிருப்பீர்கள். அது ஆர்டருக்கு. பில்லிங்குக்கு ஆர்வி60ஏஎஃப்இசட்இசட் தனி. அங்கே நிரப்பாததால் கேஓஎம்கே-யில் (விலைத் தேடலுக்குப் போகும் ஹெட்டர் விவரங்கள்) தரம் காலி, 902-ல் எதுவும் கிடைக்காமல் தேடல் கீழே இறங்கிவிடுகிறது. தரம் கண்டுபிடிக்கும் லாஜிக்கை ஒரே மெத்தடில் எழுதி இரண்டு எக்ஸிட்டிலிருந்தும் கூப்பிடுங்கள்.

பில்லிங்கில் விலையை மறுபடி தேடுவதே ஏன் என்றும் பாருங்கள். இன்வாய்ஸுக்கு விவரம் எப்படிக் காப்பி ஆக வேண்டும் என்று அமைக்கும் திரை, டெலிவரியிலிருந்து வந்தால் விடிஎஃப்எல், ஆர்டரிலிருந்து நேரே வந்தால் விடிஎஃப்ஏ; இரண்டிலும் ஐட்டம் மட்டத்தில் பிரைசிங் டைப் இருக்கும். பி, சி என்றால் விலை புதிதாகத் தேடப்படும். ஜி என்றால் விலை அப்படியே வரும், வரி மட்டும் புதிதாகக் கணக்காகும். ஜி போட்டுவிட்டு எக்ஸிட்டை விட்டுவிடாதீர்கள். விஎஃப்02-ல் (இன்வாய்ஸ் திருத்தும் திரை) யாராவது அப்டேட் அழுத்தினால் திரும்ப இதே கதைதான்.

ஏற்றுமதிக்குத் தனி சேனல் இருந்தால் வேலையே இல்லை. 901-ல் சேனல் இருக்கிறதே, அந்தச் சேனலுக்கு ரெக்கார்ட் போடாமல் விடுங்கள். 902-ன் சாவியில் சேனல் இருந்தால் அங்கேயும் அப்படியே. ஆர்டர் வகையை வைத்துத்தான் பிரிக்க முடியும் என்றால் விஓஎஃப்எம் திரையில் ரிக்வயர்மென்ட் (அக்சஸ் ஓடலாமா என்று சோதிக்கும் சிறு நிரல்) எழுதுங்கள், எண் 600-க்கு மேல். கேஓபிஇடி, கேஓபிஇவி என்று அதில் இரண்டு ஃபார்ம் (துணை நிரல்) இருக்கும். இரண்டாவது, ஹெட்டரை மட்டும் வைத்துச் செய்யும் முன்சோதனை. அங்கே ஐட்டம் ஃபீல்டைத் தொட்டால் தப்பான பதில் வரும்.

அந்த எண்ணை வி/07-ல் 12, 15 வரிகளில் கொடுங்கள். பிரைசிங் புரொசீஜரில் (எல்லாக் கண்டிஷன்களும் கணக்காகும் வரிசை) கொடுத்தால் இசட்பிஆர்0 மொத்தமும் அடைபட்டு, ஏற்றுமதி ஆர்டரில் 304-ன் விலைகூட வராது. டிரான்ஸ்போர்ட் வழியாக மாற்றங்கள் போன பிறகு ரிக்வயர்மென்ட் புரொடக்ஷனில் (நிஜ வேலை நடக்கும் சிஸ்டம்) வேலை செய்யவில்லையென்றால் அங்கே ஆர்வி80எச்ஜிஇஎன் நிரலை ஓட்டுங்கள்.

கணக்குப்புலி:
தீபாவளி விலை என்று அடுத்து கேட்பார்கள், அதற்கும் டேபிள் போட்டுவிடாதீர்கள். 901-லேயே அந்த நாட்களுக்கு மட்டும் புது ரெக்கார்ட் போட்டால் பழையது தானாக வெட்டுப்பட்டு, முன்னும் பின்னும் பழைய விலை இருக்கும். முடிவு தேதியைக் கையால் கொடுக்க வேண்டும். தானாக வரும் 31.12.9999-ஐ அப்படியே விட்டால் பண்டிகை முடிந்தும் பழைய விலை திரும்பாது.

எந்த விலை என்பதைத் தீர்மானிப்பது பிரைசிங் தேதி, இன்றைய தேதி அல்ல. கஸ்டமர் குரூப்பும் ஆர்டர் போட்ட அன்று பதிவானதுதான். கஸ்டமர் மாஸ்டரில் பிறகு மாற்றினாலும் திறந்திருக்கும் ஆர்டருக்கு வராது. அதை ஆர்டர் ஹெட்டரிலேயே மாற்றிவிட்டு விலையை அப்டேட் செய்யுங்கள்.