ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 நிலைத் தேர்ச்சியோடு டோக்கியோவில் இன்ஜினியர் வேலை: வழி சொல்லுங்கள்

வணக்கம். டோக்கியோவின் நிஷிகசாயில் கணவரோடு இருக்கிறேன், வந்து 2 வருடம் ஆகிறது. குடும்ப விசா என்பதால் தனி அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வரைதான் வேலை பார்க்க முடியும். இப்போது பென்டோ (டப்பா சாப்பாடு) தயாரிக்கும் இடத்தில் பகுதி நேரம். ஆனால் சென்னையில் 6 வருடம் கார் உதிரிபாக வடிவமைப்பில் இருந்தவள் நான். அந்த வேலைக்கே திரும்பப் போக வேண்டும்.

ஏப்ரலிலிருந்து 43 இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டேன். வெளிநாட்டவருக்கான ஹலோ வொர்க் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்) மையத்தில் ரிரேகிஷோவை (ஜப்பானிய பாணி பயோடேட்டா) திருத்திக் கொடுத்தார்கள், அது உண்மையிலேயே உதவியது. அப்புறம்தான் 4 நேர்காணல் வந்தது. சாலிட்வொர்க்ஸ் (வடிவமைப்பு மென்பொருள்) கேள்விகளில் தடுமாறவில்லை. ஆனால் கெய்கோவில் (ஜப்பானிய மரியாதைப் பேச்சு) பேசச் சொன்னதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நான்கு இடத்திலும் ஒரே பதில்: என்3-க்கு அடுத்த மேல்நிலையான என்2 முடித்துவிட்டு வாருங்கள். ஆங்கிலம் போதும் என்ற வேலைகள், நான் பார்த்தவரை, ஐடியில்தான்.

அந்த மொழித் தேர்வு (ஜேஎல்பிடி) அடுத்து டிசம்பரில், முடிவு வர ஜனவரி ஆகிவிடும். இதற்கிடையில் ஒரு ஹாகென் நிறுவனம் (தன் ஊழியரைப் பிற நிறுவனங்களுக்கு வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி), என்3 போதும், இன்ஜினியர் விசாவுக்கு மாற உதவுகிறோம் என்கிறது. சம்பளம் குறைவு.

ஹாகெனில் தொடங்கி நேரடி வேலைக்கு மாறியவர்கள் சொல்லுங்கள்: இப்போதே சேரலாமா, என்2 வரும்வரை காத்திருக்கலாமா?