ஓடை நிலவரம் போட்டால் தேதியும் இடமும் மாறிவிடுகிறதே, ஏன்?

வழிப்போக்கன்:
நடைவழி நிலவரம் பகிரும் ஆப் ஒன்றில் இந்தச் சிக்கல். சனிக்கிழமை காலை ஓடைக்கரையில் நின்று, "தண்ணீர் கணுக்கால் அளவுதான், தாராளமாகக் கடக்கலாம்" என்று போட்டோவோடு எழுதினேன். அங்கே சிக்னலே கிடையாது. ஞாயிறு இரவு வீட்டு வைஃபை கிடைத்த பிறகுதான் பதிவேறியது. இப்போது அந்தத் தடத்தின் பக்கத்தில் ஞாயிறு இரவு என்று தேதி காட்டுகிறது. வரைபடத்தில் குறி என் தெருவில்! இடையில் சனி மாலை பெருமழை வேறு. திங்களன்று நம்பிப் போனவர் "முழங்காலுக்கு மேல் ஓடுது, திரும்பிட்டேன்" என்று கீழே எழுதியிருக்கிறார். சங்கடமாக இருக்கிறது. நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாதோ?

கரடுமுரடு:
செய்யும். செயற்கைக்கோள் அனுப்புவதை போன் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்; நெட் தேவையில்லை. முதல் தடவை இடம் பிடிக்கச் சற்று நேரமாகும், அடர்ந்த மரங்களுக்கடியில் சில மீட்டர் தள்ளிக் காட்டும். ஆனால் உங்கள் தெரு வரைக்கும் தள்ளாது! எழுதிய நேரத்தையும் இடத்தையும் விட்டுவிட்டு, பதிவேறும்போது உள்ளதை ஆப் எடுக்கிறது என்று சந்தேகம். ஏர்பிளேன் மோடில் தெருமுனையில் ஒரு சோதனைப் பதிவு எழுதி, வீட்டுக்கு வந்து நெட் போட்டுப் பாருங்கள். பார்த்ததும் அழித்துவிடுங்கள், யாராவது நம்பிவிடப் போகிறார்கள்.

மழைக்காலம்:
ஆண்ட்ராய்டு 12-லிருந்து "துல்லியமான இடம்" என்று தனி அனுமதி உண்டு. அது அணைந்திருந்தால் தோராயமான இடம்தான் ஆப்புக்குப் போகும். அதையும் பாருங்கள்.

வழிப்போக்கன்:
அனுமதி சரியாக இருக்கிறது. சோதித்தேன், கரடுமுரடு சொன்னதேதான்: எழுதியது தெருமுனையில், குறி விழுந்தது வீட்டில்.

ஓடைக்கரை:
அப்படியானால் முதலில் அந்தக் குறியை எடுங்கள். உங்கள் வீடு எங்கே என்று ஊருக்கே காட்டிக்கொண்டிருக்கிறது.

இனி எழுதும்போது முதல் வரியிலேயே "சனி காலை 9.40-க்குப் பார்த்தது" என்று போட்டுவிடுங்கள், ஆப் எந்தத் தேதி போட்டாலும் படிப்பவர் ஏமாற மாட்டார். போட்டோவை கேலரியிலிருந்து நேரடியாகச் சேருங்கள். எடுத்த நேரமும், கேமராவுக்கு இட அனுமதி கொடுத்திருந்தால் இடமும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும், சில ஆப்கள் அதைப் படித்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாகச் சுற்றி வந்தால் அது போய்விடும்.

இன்னொன்று, கோபிக்காதீர்கள்: "தாராளமாகக் கடக்கலாம்" என்று நாம் எழுதவே கூடாது. ஆழம் எவ்வளவு, இழுப்பு எப்படி, கல் வழுக்குகிறதா, இவ்வளவு போதும். முழங்கால் ஆழமே வேகமாக ஓடினால் ஆளைச் சாய்த்துவிடும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை பிறகு வந்து சேரும்.

வழிப்போக்கன்:
கோபமெல்லாம் இல்லை. நேரத்தைத் திருத்தினேன், "கடக்கலாம்" என்பதை எடுத்துவிட்டேன். குறியை மட்டும் நகர்த்த முடியவில்லை. அழித்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா?

ஓடைக்கரை:
அழித்தால் திங்களன்று போனவர் கீழே எழுதிய எச்சரிக்கையும் சேர்ந்து போய்விடுமே. அதைத் தனிப் பதிவாகப் போடச் சொல்லி இப்போதே கேளுங்கள். இன்றைக்கு அந்த வழியில் இருப்பதிலேயே புதிய தகவல் அவருடையதுதான். அது ஏறியதும் உங்களுடையதை அழியுங்கள்.

வழிப்போக்கன்:
கேட்டுவிட்டேன். அவர் போட்டுவிட்டார், நேரத்தோடு. என்னுடையதை அழித்தாயிற்று.