தடுக்கி விழுந்ததற்கே கை உடையுமா? மகளுக்கு வைட்டமின் டி 9

பீளமேடு அம்மா:
மகளுக்கு 14 வயது. போன வாரம் பள்ளி வராந்தாவில் கால் தடுக்கி விழுந்தாள், அவ்வளவுதான். இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. 12 வயதிலும் அதே கை உடைந்தது. ரத்தத்தில் வைட்டமின் டி 9 தான், ரொம்பக் குறைவு. வாரம் ஒரு சாஷே, 60,000 யூனிட், எட்டு வாரத்துக்கு எழுதியிருக்கிறார் டாக்டர். தினமும் காலை ஆறரைக்கு என்னோடு மொட்டைமாடியில் நடக்கிற பிள்ளை. அப்புறம் எப்படி 9? தூக்கமே வரவில்லை.

எலும்பு வார்டு நர்ஸ்:
ஆறரை மணி வெயில் இதற்கு உதவாதுங்க. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர், சூரியன் உச்சிக்கு வரும்போதுதான் போதிய அளவு தரையை எட்டும். பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் கை காலில் வெயில் படவேண்டும். கண்ணாடி ஜன்னல் அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

இந்த வயதில் உயரம் முந்திக்கொள்ளும், எலும்பில் சுண்ணாம்புச் சத்து பின்னால்தான் வந்து சேரும். அதனால் மணிக்கட்டு முறிவு நிறையவே பார்ப்போம். ஆனாலும் இரண்டாவது முறை என்பதால் சாஷேயோடு நிறுத்தாதீர்கள். எலும்பின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள், அதாவது கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், பாராதைராய்டு ஹார்மோன் பார்த்தார்களா? முதுகுவலி உண்டா? எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தால் இசட் ஸ்கோரைக் கேளுங்கள், அது அவள் வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடுவது. டி ஸ்கோர் இளம்வயதுப் பெரியவர்களோடு ஒப்பிடுவது, வீணாகப் பயமுறுத்தும். முக்கியமாக, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா? ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை?

திருப்பூர் அப்பா:
ஒரு எச்சரிக்கை. என் பையனுக்கு வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று நினைத்துக் கொடுத்துவிட்டோம். மருந்துக்கடையிலும் சொல்லவில்லை. வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம். ரத்தத்தில் கால்சியம் ஏறி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். காலண்டரில் ஞாயிறுகளை வட்டமிட்டு, மருந்தைக் கொடுத்ததும் அந்தத் தேதியை அடித்துவிடுங்கள் சகோதரி.

பீளமேடு அம்மா:
முதுகுவலி இல்லை. ஆனால் 9 வயதிலிருந்து வலிப்புக்கு ஃபெனிடாய்ன் சாப்பிடுகிறாள். எலும்பு டாக்டர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

எலும்பு வார்டு நர்ஸ்:
இதுதான் காரணமாக இருக்கலாம். அந்த மருந்தால் கல்லீரல் வைட்டமின் டியைச் சீக்கிரமே சிதைத்துவிடும். ஆனால் ஒரு வேளைகூட மாத்திரையை நிறுத்தாதீர்கள், வலிப்பு வந்து விழுந்தால் இன்னும் ஆபத்து. நாளைக்கே இரண்டு டாக்டருக்கும் சொல்லுங்கள். வைட்டமின் அளவை ஏற்றுவதா, வலிப்பு மருந்தை மாற்றுவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். இரண்டு சீட்டையும் ஒரே ஃபைலில் வைத்துக் கொண்டுபோங்கள்.