லண்டன் முதலீட்டு வங்கியில் மேனேஜிங் டைரக்டர் ஆக முடியுமா? திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்

புதிதாய் வந்தவள்: வணக்கம். இதே வங்கியின் சென்னை அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, மூன்று மாதங்களுக்கு முன் லண்டனில் வங்கிகள் நிறைந்த கேனரி வார்ஃபுக்கு வந்தேன். வைஸ் பிரசிடென்ட் பதவி என்றதும் மாமனார் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். இங்கோ என் வரிசையில் அமர்ந்திருக்கும் எட்டுப் பேரில் ஆறு பேருக்கு அதே பதவிதான். அதற்கு மேல் டைரக்டர், அதற்கும் மேல்தான் மேனேஜிங் டைரக்டர். "உங்கள் வேலையில் குறையில்லை, ஆனால் உங்களை யாருக்கும் தெரியவில்லை" என்று மேலாளர் நேற்றுச் சொன்னார். திங்கட்கிழமை மறுபடியும் பேச அழைத்திருக்கிறார். மேலே போக முயல்வதா, குழந்தையோடு ஊர் திரும்புவதா என்று தெரியாமல் தூக்கம் போய்விட்டது.

ஈஸ்ட்ஹாம் வாசி: தங்கையே, நான் 2009 ஜனவரியில் வந்தபோது வங்கிகள் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. ஓர் அறையில் மூவர் தங்கினோம். ஹீட்டர் ஓட மீட்டரில் போட்ட காசு தீர்ந்துவிட்டால் விடியும்வரை கோட்டைப் போட்டுக்கொண்டே படுத்திருப்போம். வாயைத் திறக்காமல் உழைத்து, பதினோராம் ஆண்டில் டைரக்டர் ஆனேன். நீங்களும் பொறுமையாக இருங்கள்.

இரு பிள்ளைகளின் தாய்: அண்ணா, வாயைத் திறக்காமல் இருந்தது உங்களுக்குப் பலித்தது. நான் நான்கு ஆண்டுகள் அப்படி இருந்ததில், நான் தயாரித்த அறிக்கைகளை வாடிக்கையாளர் முன் வேறொருவர் வாசித்துப் பெயர் வாங்கினார். ஜேன் ஃபிரேசர், பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்தில் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் பகுதி நேரமாக வேலை பார்த்தவர். 2004இல் சிட்டி வங்கிக்கு வந்து, 2021 மார்ச்சில் அதன் தலைமைச் செயல் அதிகாரியானார். வால் ஸ்ட்ரீட்டின் பெரிய வங்கி ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர்தான். ஆகவே வழி இருக்கிறது, தங்கையே. கேட்காதவருக்கு மட்டும் அது திறப்பதில்லை.

வியாழக்கிழமை விரோதி: எங்கே கேட்பது? வியாழன் மாலை மதுக்கூடத்தில்தான் பாதி முடிவுகள் ஆகின்றன. பிள்ளையைக் காப்பகத்திலிருந்து ஆறு மணிக்குள் அழைத்துவர வேண்டியவள் அங்கே எப்படி நிற்பாள்? பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஆண், பெண் ஊதிய இடைவெளியை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று 2017இல் சட்டம் வந்தது. எங்கள் வங்கியின் கணக்கில் போனஸ் இடைவெளியைப் பார்த்தாலே, மேல் நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விளங்கிவிடும்.

பழைய லண்டன்காரி: புலம்பல் போதும். புதிதாய் வந்தவர் சொல்லாமல் விட்டவற்றை யாருமே கேட்கவில்லை. அம்மா, உங்கள் விசா எது? ஸ்கில்டு வொர்க்கர், அதாவது திறன் பணியாளர் விசா என்றால், வங்கி மாறும் முன் புதிய நிறுவனம் தரும் ஸ்பான்சர் சான்றும் உள்துறையின் ஒப்புதலும் வேண்டும். வேலை போனால், வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுப் போகவோ பொதுவாக 60 நாள்தான் அவகாசம். நிறுவனத்துக்குள் இடமாற்றம் செய்யும் விசா என்றால், அந்த ஆண்டுகள் வேலை விசா வழியாக நிரந்தர வதிவிட உரிமை கேட்கும் கணக்கில் சேரா. அடுத்தது, நீங்கள் டீல் பிடிக்கும் பிரிவிலா, அதன் பின்னால் இயங்கும் பிரிவிலா? முன்னதில் வாடிக்கையாளர் கொண்டுவரும் வருமானமே உங்களை மேனேஜிங் டைரக்டர் ஆக்கும். பின்னதிலும் ஏணி உண்டு, படிகள் குறைவு. எங்கே இருந்தாலும், பதவி உயர்வுப் பட்டியலைப் பேசும் அறைக்குள் நீங்கள் இருக்க மாட்டீர்கள். மேலாளர் உங்கள் பெயரைச் சொல்லும்போது, "எனக்கும் அவரைத் தெரியும்" என்று சொல்ல அங்கே இன்னொருவர் வேண்டும். மேலாளர் நேற்றுச் சொன்னதன் பொருளும் அதுவே. அதை வசையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அறையில் யார் யார் இருப்பார்கள், அவர்களில் இருவருடன் நேரடியாகச் செய்யும் வேலை எது என்று திங்கட்கிழமை கேளுங்கள். குழந்தைக்காக நேரம் மாற்ற வேண்டுமானால், 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே எழுத்தில் கோரலாம். வங்கி மறுக்கவும் கூடும், ஆனால் காரணம் சொல்லியாக வேண்டும்.

புதிதாய் வந்தவள்: இடமாற்ற விசாதான். நீங்கள் சொன்ன பின்னால் இயங்கும் பிரிவில், ரிஸ்க்கில் இருக்கிறேன். வதிவிடக் கணக்கில் சேராது என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

பழைய லண்டன்காரி: அப்படியானால் அந்த இரண்டு பெயர்களுக்கு முன் இதைக் கேளுங்கள்: வங்கியே உங்களை ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாற்றுமா, எப்போது? ஊர் திரும்பாமலே இங்கிருந்து விண்ணப்பிக்கலாம். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.